உப்பில்லாப் பண்டம்



பத்தொன்பது கோடி டாலரைக் கொட்டிப் பிணங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடுகின்றன, தாவுகின்றன, தடுக்கி விழுகின்றன. விழுந்தவற்றின் முதுகில் மற்றவை ஏறுகின்றன. ஏறியவற்றின் தோளில் இன்னும் சில தொற்றிக்கொண்டு மதில் தாண்டிக் குதிக்கின்றன. மாநகரம் மாள்கிறது, வானூர்தி வாய் பிளக்கிறது, வல்லரசின் தலைவர்கள் நடுக்கடலில் தஞ்சம் புகுகிறார்கள். 116 நிமிடம்! கண்ணுக்கு ஓய்வில்லை, கருத்துக்கோ வேலையில்லை. பார்த்து முடித்ததும் எனக்கு மிஞ்சியது அச்சமல்ல, ஏமாற்றம்.

2013-ஆம் ஆண்டு ஹாலிவுட்டிலிருந்து வெளிவந்த ‘வேர்ல்டு வார் இசட்’ என்னும் படத்தைத்தான் சொல்கிறேன். பிராட் பிட் கதாநாயகர். மார்க் ஃபார்ஸ்டர் இயக்குநர். உலகெங்கும் ஓடி ஐம்பது கோடி டாலருக்கு மேல் வாரிச் சுருட்டிய படம். ஆண்டுகள் பல கடந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

‘அரசியல் கட்டுரை வரவேண்டிய ஞாயிறு ஏட்டில் அமெரிக்கப் பேய்ப்படத்துக்கு என்ன வேலை?’ என்று படிப்பகத்துத் திண்ணையில் ஏட்டை விரிக்கும் மூத்த தோழர் முணுமுணுப்பது என் காதில் விழாமலில்லை. வேலை இருக்கிறது ஐயா! நாமெல்லாம் யார்? பேச்சால் பிறந்து, பேச்சால் வளர்ந்து, பேச்சால் கோட்டை கண்ட இயக்கத்தார். வாய் திறந்தவன் மாள்வான், வாய் மூடியவன் வாழ்வான் என்று ஒரு படம் 116 நிமிடமும் கற்பிக்கும்போது நாம் பேசாதிருந்தால், பிறகு எதற்குத்தான் பேசுவது?

அதற்குமுன் இந்தப் பிணங்களின் பிறப்பைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஜோம்பி என்ற பெயரைக் கேட்டதும் நம்மூர்ச் சிறுவர்கள் ‘சோம்பி’ என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சோம்பியிருக்கும் உரிமையைச் சாவுக்குப் பின்னும் பறிகொடுத்தவன் பெயர்தான் ஜோம்பி! கரீபியக் கடலில் ஹைட்டி என்றொரு நாடு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்ட கறுப்பு மக்களைக் கரும்போடு கரும்பாகக் கசக்கிப் பிழிந்து, பிரெஞ்சுக்காரர் சர்க்கரை எடுத்த மண். அங்கே அடிமைக்கு மிஞ்சிய ஒரே விடுதலை சாவு. செத்தால் மூதாதையர் மண்ணுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. அந்தச் சாவையும் எவனாவது களவாடிவிட்டால்? புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, மந்திரம் ஓதி எழுப்பி, மறுபடியும் தோட்டத்துக்கே ஓட்டிப் போய்விட்டால்? கூலியில்லை, குரலில்லை, நினைவில்லை, நிறுத்தமுமில்லை... அந்த அச்சத்துக்கு அவன் இட்ட பெயர்தான் ஜோம்பி. நடைப்பிணம் என்று நாம் சொல்லலாம். பிணத்தைக் கண்டா நடுங்கினான் அவன்? பிணமான பின்னும் வேலை வாங்கும் எசமானனைக் கண்டல்லவா நடுங்கினான்!

அந்த மக்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று விடுதலை முழக்கம் செய்தார்கள். பிறகு 1915-இல் அமெரிக்கப் படை புகுந்து 1934 வரை அங்கே கூடாரமடித்தது. அந்த நாளில் அங்கு சென்ற சீப்ரூக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், 1929-இல் ‘மாயத் தீவு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். அதிலே ஒரு கதை வருகிறது. அமெரிக்கச் சர்க்கரை நிறுவனம் ஒன்றின் தோட்டத்துக்கு, நடைப்பிணக் கூட்டத்தை ஒருவன் ஓட்டி வருகிறான். உழைப்பு அவற்றுக்கு, கூலி அவனுக்கு! உணவோ உப்பில்லாக் கூழ். ஏன் உப்பில்லை? நடைப்பிணத்தின் நாவில் உப்புப் பட்டால் அதற்கு உணர்வு வந்துவிடுமாம். ஒரு திருவிழா நாளில் அவன் மனைவி மனமிரங்கித் தின்பண்டம் வாங்கிக் கொடுக்கிறாள். பண்டத்தில் பருப்பு, பருப்பிலே உப்பு. தின்ற கணமே தாங்கள் யார், தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓலமிட்டுக்கொண்டு தம் ஊர் மலையை நோக்கி நடக்கின்றன. மறிக்க எவனுக்கும் துணிவில்லை.

‘உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாயா?’ என்று நம் வீட்டுக் கிழவி கேட்பாளே, அந்தக் கேள்வி அப்படியே கடல் கடந்து கேட்கவில்லையா தோழரே? அவள் கேட்பது நாவின் சுவையையா? சூடு, சொரணை, தன்மானம் இருக்கிறதா என்றல்லவா கேட்கிறாள்! தமிழ்நாட்டுத் திண்ணையிலும் ஹைட்டித் தோட்டத்திலும் உப்புக்கு ஒரே பொருள் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்த வகைப் படங்கள் அந்த உப்போடுதான் பிறந்தன. 1932-இல் வந்த ‘ஒயிட் ஜோம்பி’ என்ற படத்தில் ஒரு காட்சி உண்டு. சர்க்கரை ஆலைக்குள் நடைப்பிணங்கள் சக்கரம் சுற்றுகின்றன. ஒருவன் கால் தவறி அரைவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. சக்கரமும் நிற்கவில்லை. கத்தல் இல்லை, கதறல் இல்லை, மரச்சக்கரத்தின் முனகல் மட்டும்! நாடகம் எழுதிப் பிழைக்கும் நான் சொல்கிறேன், மூன்று மணி நேரம் மேடையில் முழங்கினாலும் அந்தச் சில வினாடிகள் சொன்னதைச் சொல்லிவிட முடியாது.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ, கைச்செலவுக்குத் திண்டாடிக்கொண்டே ஒரு படம் எடுத்தார். பண்ணை வீடொன்றில் அடைபட்ட எழுவரில் அறிவோடும் துணிவோடும் நிற்பவன் ஒரு கறுப்பு இளைஞன். இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்தவனை, காலையில் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் பிணமென்று எண்ணிச் சுட்டுக் கொக்கியால் இழுத்துப் போய் எரிக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டில் அந்தப் படம் திரைக்கு வந்தது! பத்தாண்டு கழித்து அவரே இன்னொரு படத்தில் பிணங்களைப் பெரிய அங்காடிக்குள் உலவவிட்டார். உயிரோடு இருந்தபோது பழகிய இடமாம். யாரைச் சொல்கிறார் என்று படம் பார்த்தவர் நெளிந்தார்கள்.

இந்த மரபிலேதான் 2006-இல் மேக்ஸ் புரூக்ஸ் ஒரு நூல் எழுதினார். ‘வேர்ல்டு வார் இசட்’ என்பது அந்த நூலின் பெயர். நான் ஏமாந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் நூலை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பிறகு பார்த்தவன் நான்.

நூலுக்குக் கதாநாயகன் கிடையாது. உலகம் முழுவதையும் நடைப்பிணங்கள் சூறையாடி முடித்த பின்பு, ஐக்கிய நாடுகள் மன்றத்துக்காக ஒருவர் நாடு நாடாகச் சென்று, பிழைத்தவர்களைப் பேச வைக்கிறார். முன்னுரையிலேயே ஒரு சங்கதி: அவர் எழுதிய அறிக்கையில் மனிதர்கள் பேசிய பகுதிகளை மேலிடம் வெட்டிவிட்டதாம். கணக்கும் புள்ளியும் போதும், கண்ணீரும் கருத்தும் வேண்டாம் என்று! வெட்டப்பட்ட அந்தக் குரல்களைத் தொகுத்ததுதான் நூல் என்பது கற்பனை. பிற்பாடு படமெடுத்தவர்கள் அந்த மேலிடத்தின் வேலையை மறுபடியும் செய்து காட்டினார்கள் என்பது உண்மை.

யார் யார் பேசுகிறார்கள் தெரியுமா? முதல் நோயாளியைக் கண்ட சீனத்துக் கிராம மருத்துவர் பேசுகிறார். அவர் செய்தி சொன்ன மாத்திரத்தில் அரசு வந்து வாயை அடைக்கிறது. வெறிநாய்க்கடி மருந்துக்குப் புதுப்பெயர் சூட்டி, கொள்ளைநோய்க்கு அருமருந்தென்று விற்றுக் குபேரனானவன் பேசுகிறான். தென்முனைப் பனிக்கண்டத்தில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, வாங்கியவன் முட்டாள் என்கிறான். செல்வர்கள் கூடிக் கோட்டை கட்டிக்கொண்டு, தங்கள் சொகுசை ஊருக்கு ஒளிபரப்பியதையும், அதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்த உயிருள்ள மக்களே கோட்டையை உடைத்ததையும் அங்கே காவல் நின்ற கூலிப்படையாள் சொல்கிறான். அணுகுண்டில் கண்ணிழந்த சப்பானியத் தோட்டக்காரர் பேசுகிறார். குசராத்தின் ஆலங்கில், உடைப்பதற்காகக் கரையேற்றிய கப்பல்களை நோக்கி மக்கள் முண்டியடித்ததை ஓர் இந்தியர் பேசுகிறார்.

தென்னாப்பிரிக்கத் திட்டமொன்று வருகிறது, அதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. மக்களில் ஒரு சிறு பகுதியை மட்டும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுசெல்; மீதிப் பேரைத் தனித்தனித் திட்டுகளாக விட்டுவை; பிணங்கள் அவர்களைத் தின்றுகொண்டிருக்கும்வரை நீ பிழைத்திருப்பாய்! இதுதான் திட்டம். இதைத் தீட்டியவன் பழைய நிறவெறி ஆட்சிக்கு, வெள்ளையரை மட்டும் காக்கும் திட்டம் வரைந்து கொடுத்தவன். பெயரை மாற்றி, நிறத்தை நீக்கி அதே திட்டத்தை உலக அரசுகள் எல்லாம் தத்தெடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பக்கத்தில், போருக்கு ஆயத்தமாகும் அமெரிக்காவில் ஆள்கணக்கு எடுக்கிறார்கள். நிறுவன மேலாளர், ஆலோசகர், இடைத்தரகர் ஆகியோருக்குக் கையால் செய்யத் தெரிந்த தொழில் ஒன்றுமில்லை என்று தெரியவருகிறது. தச்சும் குழாய் வேலையும் தோட்டமும் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் வருகிறார்கள். யார் அந்த ஆசிரியர்கள்? நேற்றுவரை இவர்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்த, வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள்! எப்படி இருக்கிறது தோழரே? நம் மாநாட்டுப் பந்தலில் நாடகமாகப் போட்டால் கொட்டகை அதிராதா?

படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. விற்றவன் இல்லை, மறைத்தவன் இல்லை, திட்டம் தீட்டியவன் இல்லை. சீனத்தை நோயின் தொடக்கமாகக் காட்ட வேண்டாம், சந்தை கெட்டுவிடும் என்று படக்குழுவுக்கு அறிவுரை கூறப்பட்டதாக அந்நாளில் ஏடுகள் எழுதின. நோய் வந்தது, அவ்வளவுதான். மழை பெய்தது என்பது போல.

இருப்பவர் ஒருவரே. ஜெரி லேன்! முன்னாள் ஐ.நா. அதிகாரி, அழகான மனைவி, அருமையான இரண்டு பெண்கள். தொடக்கக் காட்சியைக் குறை சொல்ல மாட்டேன். பிலடெல்பியா நகரத்துப் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரிலிருந்து அந்தக் குடும்பம் ஊர் சிதறுவதைப் பார்க்கும் காட்சி, எடுத்தவர்களின் கைத்திறனுக்குச் சான்று. திறன் இல்லாதவன் தவறினால் யாருக்கு வருத்தம்? திறனுள்ளவன் தவறினால்தானே வயிறு எரிகிறது!

அந்தக் குடும்பத்தை வானூர்தி வந்து தூக்கிக்கொண்டு கடலில் நிற்கும் கப்பலுக்குப் போகிறது. அங்கே படைத்தலைவன் ஒருவன், வேலைக்கு ஆகாதவர்களுக்குக் கப்பலில் இடமில்லை என்கிறான். நீ நாங்கள் சொல்லும் பணிக்குப் போனால் உன் மனைவி மக்கள் இங்கே இருக்கலாம், மறுத்தால் இறங்கு. பிறகு ஜெரி மாண்டுவிட்டான் என்று எண்ணியவுடனே, மனைவியையும் குழந்தைகளையும் சொன்னபடி இறக்கி ஓர் அகதி முகாமுக்கு அனுப்பியும்விடுகிறார்கள்!

இதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்துவிட்டது உப்பு, என்று நினைத்தேன். பயன்படுகிறவனுக்கு மட்டுமே உயிர் வாழ உரிமை. அதுவும் பயன்படும் நாள்வரைதான்! அந்த ஹைட்டித் தோட்டத்துச் சட்டமல்லவா இது? கப்பலிலிருந்து இறக்கப்பட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள்? நியூவர்க் நகரத்து அடுக்கு வீட்டில் ஜெரிக்குக் கதவு திறந்து அடைக்கலம் கொடுத்த எசுப்பானிய மொழிக் குடும்பத்துக்குக் கப்பல் ஏன் கிடைக்கவில்லை? கேட்பார் யார்? கதாநாயகனின் மனைவி முகம் வாடுவதைக் காட்டிவிட்டுக் கேமரா அடுத்த ஊருக்குப் பறந்துவிடுகிறது. கையில் வைரத்தை எடுத்துக் கூழாங்கல் என்று வீசுகிறவனைக் கண்டால் எப்படியிருக்கும்!

இப்போது குரல் விவகாரத்துக்கு வருகிறேன். இந்தப் படத்துப் பிணங்களுக்கு ஓசை ஆகாது. ஓசை கேட்ட திசைக்குப் பாய்ந்து வரும். தென்கொரியாவில் அமெரிக்கப் படைத்தளம். வீரர்கள் இருட்டில் ஓசையின்றி மிதிவண்டி மிதித்து வானூர்தியை நோக்கிச் செல்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கணவனின் நலம் கேட்க மனைவி தொலைபேசியில் அழைக்கிறாள். மணி ஒலிக்கிறது, பிணங்கள் பாய்கின்றன, வீரர்கள் மடிகிறார்கள். மனைவியின் குரல், முதல் குற்றம்.

அடுத்தது ஜெருசலேம். நகரைச் சுற்றி வானளாவிய மதில். இஸ்ரேலியரும் பாலத்தீனரும் பாகுபாடின்றி உள்ளே விடப்படுகிறார்கள். (உண்மை உலகில் அந்த நாடு 2002 முதல் எழுப்பிய மதில் சட்டத்துக்குப் புறம்பானது என்று அனைத்துலக நீதிமன்றம் 2004-இல் கருத்துரைத்தது. படத்திலோ மதில் மீட்பர் வேடம் கட்டுகிறது. அது தனியே எழுதவேண்டிய கதை.) உள்ளே வந்த மக்கள் உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் ஒன்றாகப் பாடுகிறார்கள். ஒரு பெண் ஒலிவாங்கியைப் பிடிக்கிறாள், ஒலிபெருக்கி முழங்குகிறது. நூற்றாண்டுப் பகை மறந்து இரு இனத்தார் இணைந்து பாடும் பாட்டு! ஒரு படத்துக்கு இதைவிடச் சிறந்த உச்சக்காட்சி வேறு வேண்டுமா? ஆனால் என்ன நடக்கிறது? அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மதிலுக்கு வெளியே பிணங்கள் வெறிகொள்கின்றன, கோபுரமாய்க் குவிகின்றன, மதிலைத் தாண்டுகின்றன. நகரமே அழிகிறது. மக்கள் ஒன்றுசேர்ந்து பாடியது குற்றம். ஒலிவாங்கி பிடித்த கை, ஊரைக் கொன்ற கை!

ஒலிவாங்கியின் முன் நின்றே வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு அந்தக் காட்சியில் நெஞ்சு குமுறியது. 1954-இல் சென்னை மாநில அரசு நாடக மேடையைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மேடைக் குரலால் நாடு கெடும் என்று அன்று ஆட்சியாளர் சொன்னதை, இன்று பிணங்களின் வாயிலாகச் சொல்கிறார்கள்.

ஜெருசலேம் காட்சிக்குச் சற்றுமுன் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. இஸ்ரேலுக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று ஜெரி கேட்க, இந்தியத் தளபதி ஒருவர் அனுப்பிய செய்தியை இடைமறித்தோம், இராட்சசர்களோடு போரிடுவதாக அதில் இருந்தது என்று உளவுத்துறை அதிகாரி விடை சொல்கிறார். இராட்சசர்! நம் இயக்கத்து முன்னோர் இந்தச் சொல்லைப் பிடித்து எத்தனை மேடைகளில் உலுக்கினார்கள்! கொல்லப்பட வேண்டியவனுக்கு முதலில் அரக்கன் என்று பெயர் வை. பிறகு அவனைக் கொல்வது கொலையாகாது, வதமாகிவிடும் என்ற சூழ்ச்சியை எத்தனை முறை அம்பலப்படுத்தினார்கள்! ஹாலிவுட்காரர் நம் புராணத்தைப் படித்தா எழுதினார்? இல்லை. கூட்டத்தைக் கொல்ல விரும்பும் மனம், எந்த நாட்டில் பிறந்தாலும் அதே சொல்லைத் தேடிக் கண்டெடுத்துவிடுகிறது.

கடைசிக் கட்டம் வேல்ஸ் நாட்டு ஆய்வுக்கூடத்தில். நோயுற்றுச் சாகக் கிடப்பவரைப் பிணங்கள் தீண்டுவதில்லை என்று ஜெரி கண்டுபிடிக்கிறான். கொடிய கிருமியைத் தன் உடலில் ஏற்றிக்கொள்கிறான். பிணங்கள் அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் விலகிப் போகின்றன. கதைத் தந்திரம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் பொருள் என்ன? உன்னிடம் சுரண்டுவதற்கு ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள், ஒடுங்கிப் போ, நோயாளியாகு, பகைவன் உன்னை விட்டுவிடுவான்! ஹைட்டி அடிமைக்கு விழிப்பூட்டும் உப்பைக் கொடுத்தது பழங்கதை. இந்தக் கதை கொடுப்பது நோயை.

கிருமியை ஏற்றிக்கொண்ட வீரர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அங்கிருக்கும் பெப்சி இயந்திரத்தைத் திறந்து, ஒரு குவளையை எடுத்து ஆற அமரக் குடிக்கிறார். பிறகு மீதிக் குவளைகளைத் தரையில் உருளவிடுகிறார். அந்த ஓசையைக் கேட்டுப் பிணங்கள் அந்தப் பக்கம் ஓட, இவர் இந்தப் பக்கம் தப்புகிறார். பார்த்தீர்களா? மனைவி அழைத்தால் மரணம். மக்கள் பாடினால் பேரழிவு. விளம்பரக் குவளை உருண்டால் விமோசனம்! படம் முழுவதிலும் மனிதனைக் காப்பாற்றும் ஒரே ஓசை, விற்பனைச் சரக்கின் ஓசை. தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ... தெரியாமல் செய்திருந்தால் இன்னும் மோசம்.

‘பொழுதுபோக்குப் படத்தில் இவ்வளவு தோண்டுகிறாயே’ என்பார் உண்டு. பொழுதைப் போக்கட்டும், போகிறபோது எதை விட்டுச் செல்கிறது என்று பார்க்க வேண்டாமா? கூட்டமென்றால் கிருமி, குரலென்றால் கேடு என்ற பார்வை திரையோடு நின்றுவிடுமானால் நானும் கைதட்டிவிட்டு வந்திருப்பேன். படம் வந்து ஏழாண்டு கூட ஆகவில்லை, உண்மைக் கொள்ளைநோய் வந்தது. வூகான் நகரத்துக் கண் மருத்துவர் லீ வென்லியாங், 2019 டிசம்பர் இறுதியில் சக மருத்துவர்களை எச்சரித்தார். சனவரி 3-ஆம் நாள் காவல் நிலையத்துக்கு அழைத்து, வதந்தி பரப்பினேன் என்ற பொருள்பட எழுதிய தாளில் கையொப்பம் வாங்கினார்கள். பிப்ரவரி 7-ஆம் நாள் அதே நோய்க்கு அவர் பலியானார். 2006-இல் வந்த நூலின் முதல் பக்கங்களில் இருந்த மருத்துவர், உயிர் பெற்று வந்து மாண்டது போல் இருந்தது எனக்கு. படமெடுத்தவர்கள் சந்தைக்கு அஞ்சித் தவிர்த்த சீனமல்லவா அது!

இங்கே என்ன கண்டோம்? 2020 மார்ச் 24 இரவு நான்கே மணி நேர அவகாசத்தில் நாட்டை இழுத்துப் பூட்டினார்கள். மூட்டை முடிச்சோடும் பிள்ளை குட்டிகளோடும் தொழிலாளர் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். உத்தரப் பிரதேசத்துப் பரேலியில், ஊர் திரும்பியவர்களைச் சாலையில் குந்தவைத்து அவர்கள்மீது கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். குழந்தைகளும் இருந்தார்கள் தோழரே, அந்தக் கூட்டத்தில்! உழைத்துக் களைத்துக் கால்நடையாய் வந்தவன் மனிதனாகத் தெரியவில்லை; மதிலேற வரும் கூட்டமாகத் தெரிந்தான். குழாயைப் பிடித்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு அந்தப் பார்வை எங்கும் பரவியிருக்கிறது என்கிறேன்.

படத்துக்கு முதலில் வேறொரு முடிவு எடுத்திருந்தார்கள். மாஸ்கோவில் கொடும்பனியில் பெரும்போர். எடுத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. புதிய எழுத்தாளர்களைக் கூட்டி வந்து வேறு முடிவு எழுதுவித்து 2012-இல் மறுபடியும் படம் பிடித்தார்கள். அப்படி வந்ததுதான் ஆய்வுக்கூடமும் குளிர்பானமும். கைவிட்ட காட்சிகளில் சில துணுக்குகள், படத்தின் கடைசியில் மின்னி மறைகின்றன. பல நாட்டு மக்கள் திரண்டு நின்று போராடுவது அந்தக் கணங்களில் மட்டும் தெரிகிறது. நூல் முழுவதும் பேசிய மக்களுக்குப் படத்தில் கிடைத்த இடம் அவ்வளவே, அதுவும் ஊமையாக. அவர்கள் தலைக்கு மேலே ஜெரி லேன் ஒருவரின் குரல்தான் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

போர் இப்போதுதான் தொடங்குகிறது என்று அந்தக் குரல் சொல்லி முடிக்கிறது. இரண்டாம் பாகத்துக்குப் போட்ட அச்சாரம்! டேவிட் ஃபிஞ்சர் இயக்குவதாகக்கூட ஏற்பாடு நடந்தது. 2019 பிப்ரவரியில் பாரமவுண்ட் நிறுவனம் அதைக் கைவிட்டது. இரசிகர்கள் பலர் வருந்தினார்களாம். நான் புரூக்ஸின் நூலை எடுத்து, வீடு பெருக்கிய பெண்கள் முதலாளிகளுக்குப் பாடம் நடத்தும் பக்கத்தை மறுபடியும் படித்தேன்.